தவறும்பட்சத்தில் நடவடிக்கை

எஸ்டேட் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் இரண்டு வருஷம் குன்னூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் உதவியாளனாக இருந்தேன். நான் கெட்டுப்போனது அங்கேதான். என் வயதுக்காரர்கள் சிகரெட்டில் கெட்டார்கள், சீட்டாட்டத்தில் கெட்டார்கள். நான் ‘மேற்படி’யில் கெட்டேன். ‘எவ்வித முன்னறிவிப்புமின்றி’ என்று முதல் தடவை முத்திரைத்தாளில் எழுதியபோது பேனாவை வைத்துவிட்டு அதையே இரண்டு தடவை வாசித்தேன். ‘தவறும்பட்சத்தில்’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட அன்று, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதை வாய்க்குள் மென்றுகொண்டே நடந்தேன்.

இதற்குக் காரணம் உண்டு. நான் ஒல்லி. என் குரல் என்னைவிட ஒல்லி. டீக்கடையில் நான் சொன்ன டீ எனக்குப் பின்னால் வந்தவர் கைக்குப் போகும். பஸ்ஸில் நான் ‘நிறுத்துங்க’ என்றால் வண்டி அடுத்த நிறுத்தத்தில் நிற்கும். அப்படிப்பட்டவன் எழுதிய தாளில், கோட்டுப் போட்ட ஆட்களெல்லாம் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நேரில் ஐந்தடி மூன்று அங்குலம். தாளில் நான் ஆறடிக்கு மேல்.

பிறகு ஜெகதளாவுக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டில் இரண்டாவது கிளார்க் வேலை கிடைத்தது. லீவுப் புத்தகம் எழுதுவது, வருகைப் பதிவைப் பிரதி எடுப்பது, கடிதம் அனுப்புவது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தேயிலை விலை சரிய ஆரம்பித்தது. பழைய மேனேஜர் சமயம் பார்த்து வேறு இடம் போய்விட்டார். அசாம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து புதியவர் வந்தார்.

நெட்டையான மனிதர். கூன் விழுந்த முதுகு. கழுத்தில் எந்நேரமும் ஒரு மஃப்ளர். ஆபீஸ் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டால் நிலையைப் பார்த்து ‘சாரி’ சொல்வார். தமிழில் அவருக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை: ‘வணக்கம்’, ‘போதும்’. தொழிலாளர்களுக்குச் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் பென்சிலால் எழுதி என் மேஜையில் வைப்பார். நான் அதைத் தமிழில் எழுதி, காலையில் ஆட்கள் கூடும் மஸ்டர் மைதானத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். பெரிய கிளார்க்குக்கு இரண்டு கண்ணிலும் புரை. பலகைப் பக்கமே போகமாட்டார். ஆக, மேனேஜர் எழுதியதற்கும் நான் ஒட்டியதற்கும் நடுவில் என்னைத் தவிர யாருமில்லை.

முதல் சீட்டு நாய்களைப் பற்றியது. தொழிலாளர் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குக் காலையில் குழந்தைகள் போகும்போது நாய்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அந்த ஒரு மணி நேரம் மட்டும் நாய்களைக் கட்டிவைத்தால் மிகவும் நன்றியுள்ளவனாக இருப்பேன், சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் எழுதியிருந்தார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு மேனேஜர் எழுதுகிற எழுத்தா இது? நான் உட்கார்ந்து எழுதினேன்:

‘லைன் வீடுகளில் நாய் வளர்ப்போர் அனைவருக்கும் இதனால் கண்டிப்பாக அறிவிக்கப்படுவது யாதெனில், மேற்படி நாய்கள் உடனடியாகக் கட்டப்பட வேண்டும். தவறும்பட்சத்தில் உரியவர்கள் மீது எவ்வித முன்னறிவிப்புமின்றிக் கடும் நடவடிக்கை எடுக்கப்படும். உத்தரவுப்படி, மேனேஜர்.’

மறுநாள் எஸ்டேட்டில் ஒரு நாய்கூட வெளியில் இல்லை. அந்த ஒரு மணி நேரக் கணக்கை நான் விட்டுவிட்டதால் மத்தியானமும் இல்லை, சாயங்காலமும் இல்லை. கயிறு கிடைக்காதவர்கள் பழைய சேலையால் கட்டியிருந்தார்கள். மேனேஜர் ஜீப்பில் ஒரு சுற்றுப் போய்விட்டு முகம் மலர வந்தார்.

“பார்த்தாயா? அன்பாகக் கேட்டால் ஜனங்கள் கேட்பார்கள். அசாமில் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன், யாரும் நம்பவில்லை,” என்று ஆங்கிலத்தில் சொல்லி என் தோளைத் தட்டினார்.

“ஆமாங்க சார்,” என்றேன்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடுவே இருக்கும் பாதையில் மேலும் கீழுமாக நடந்து, கட்டிக்கிடந்த நாய்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு. பதினேழும் என் எழுத்துக்குக் கட்டுப்பட்டவை.

அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் அதிகாரச் சொற்களைத் தரம்பிரித்து எழுதிவைத்தேன். கடைசி வரிசையில் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’. அதை நான் ஒருபோதும் தொட்டதில்லை. அதற்கு மேல் ‘அறிவுறுத்தப்படுகிறார்கள்’. அதற்கு மேல் ‘எச்சரிக்கப்படுகிறார்கள்’. உச்சியில் ‘ஆளாக நேரிடும்’. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அந்தப் ‘படும்’தான். நடவடிக்கை எடுக்கப்படும். யார் எடுப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. வானத்திலிருந்து இறங்குவதுபோல நடவடிக்கை தானாக வந்து எடுக்கப்படும். படிக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் பயந்துகொள்ள வேண்டியதுதான்.

அவர்கள் அண்ணாந்து பார்க்கவில்லை, ஜீப்பைப் பார்த்தார்கள். மேனேஜருக்குக் ‘கண்டிப்புத் தொரை’ என்று பெயர் வைத்தார்கள். ஜீப் சத்தம் கேட்டால் கொழுந்து பறிக்கும் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். சின்னப் பிள்ளைகள் புதருக்குள் பதுங்கும். அவர் ஆபீஸ் வராந்தாவில் ஒரு பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பார். பிள்ளைகள் சுற்றுவழியில் போய்விடும். கடைசியில் அந்த பிஸ்கட்டை நானும் பெரிய கிளார்க்கும் தின்போம்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். “இவர்கள் ஏன் என்னோடு பேசுவதில்லை? நான் ஏதாவது தவறாக நடந்துகொண்டேனா?”

வாயில் பிஸ்கட் இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்: “மரியாதைங்க சார். இந்த ஊர்ல அப்படித்தானுங்க.”

அவர் தலையாட்டினார். மரியாதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற முகம்.

வீட்டிலும் ஒரு தடவை முயன்று பார்த்தேன். என் மனைவி மேட்டுப்பாளையத்துக்காரி. வெந்நீர்ப் பாத்திரத்தைக் குளித்த பிறகு மூடிவைப்பதில்லை என்று அவளிடம் பல தடவை சொல்லிப் பார்த்து, என் குரலில் அது எடுபடாததால், குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். ‘வெந்நீர் உபயோகிப்போர் மேற்படி பாத்திரத்தை மூடத் தவறும்பட்சத்தில்’ என்று தொடங்கியது அது. சாயங்காலம் வந்தபோது தாள் அப்படியே இருந்தது. வெந்நீர்தான் இல்லை.

“ஏனுங்க, இந்த ஊட்டுல வெறகு அடுக்கறது ஆரு, அடுப்பு மூட்டறது ஆரு, வெந்நி வெக்கறது ஆருங்க?” என்று கேட்டாள்.

“நீதான்.”

“அப்புறம் அந்த நடவடிக்கைய ஆரு மேல எடுப்பீங்க?”

நான் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். ஜனவரி மாசம். துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் இன்னொன்றும் கேட்டாள். “ஆபீசுலயும் இப்படித்தான் எழுதறீங்களா? அந்தப் பெரிய மனுசரு பாத்தா சாதுவாட்ட இருக்காரு. அவரு என்னதான் எழுதித் தர்றாருன்னு ஒரு நாளைக்கி எனக்குப் படிச்சுக் காட்டுங்க பாக்கலாம்.”

அதெல்லாம் ஆபீஸ் ரகசியம் என்றேன்.

இப்படியே மூன்று வருஷம் போனது. தேயிலை விலை விழுந்துகொண்டே இருந்தது. சுற்றுவட்டாரத்தில் இரண்டு ஃபேக்டரி வாசலில் பூட்டுத் தொங்கியது. ஜெகதளாப் பக்கத்தில் சொந்தத் தோட்டம் வைத்திருந்தவர்கள், பறிக்கிற செலவுக்கே கட்டாது என்று இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். எங்கள் ஃபேக்டரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். வழக்கமாகத் தருகிற துண்டுச் சீட்டு இல்லை. இரண்டு முழுத் தாள். அடித்து அடித்து எழுதியிருந்தார்.

“இதைக் கவனமாக எழுது. என்னால் இதைவிட நன்றாகச் சொல்ல முடியவில்லை,” என்றார். கண்ணைப் பார்த்தால் தூங்கியவராகத் தெரியவில்லை.

படித்தேன். அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் நான்கு நாள்தான் வேலை கொடுக்க முடியும். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. யாரையும் வேலையைவிட்டு நிறுத்தாமல் இருக்க எனக்கு இந்த ஒரு வழிதான் தெரிந்தது. வீடு, பிள்ளை மடுவம், மருந்தகம் எதிலும் கைவைக்க மாட்டேன், அதற்கு நான் பொறுப்பு. இதைவிட நல்ல வழி உங்களில் யாருக்காவது தோன்றினால் தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லுங்கள், ஆபீஸ் கதவு திறந்தே இருக்கும்.

நல்ல கடிதம். அது எனக்கும் தெரிந்தது. ஆனால் என் கை அதற்குப் பழக்கப்படவில்லை. வெட்கத்துக்கு என் நோட்டுப் புத்தகத்தில் சொல் இல்லை. ‘வந்து சொல்லுங்கள்’ என்ற பகுதியை முதலிலேயே எடுத்துவிட்டேன். உத்தரவு போடுகிறவர் யோசனை கேட்டால் உத்தரவு நோஞ்சானாகிவிடும் என்பது என் எண்ணம். சாயங்காலம் வரை உட்கார்ந்து, அந்த இரண்டு தாளை நான்கு வரியாக்கினேன். ‘வேலை நாட்கள் நான்காகக் குறைக்கப்படுகின்றன’ என்று ஆரம்பித்தது. முடிவில் என்னவோ குறைவதுபோல இருந்தது. வாக்கியம் காலை ஊன்றி நிற்கவில்லை. ஆகவே, ‘இது குறித்து ஆட்சேபணை தெரிவிப்போர் எவ்வித முன்னறிவிப்புமின்றி வெளியேற்றப்படுவர்’ என்று சேர்த்தேன்.

அந்த வரியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஓசைக்காகச் சேர்த்தேன். ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் போனபோது மஸ்டர் மைதானம் நிறைந்திருந்தது. கூடைகள் ஒரு பக்கம் கவிழ்த்துக் கிடந்தன. ஆட்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் இல்லை, கோஷம் இல்லை. மேனேஜர் ஜீப்பைவிட்டு இறங்கி அப்படியே நின்றார். பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பலகையைப் பார்க்காமல் போய் நின்றேன்.

தொழிலாளர் பிரதிநிதியாக ஒரு அம்மா இருந்தார். கொழுந்து பறிப்பவர். எஸ்டேட்டில் பலரையும்போல, சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து ஒப்பந்தப்படி கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டுக் குடும்பத்தோடு வந்தவர். பலகையில் எது ஒட்டினாலும் எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்வது அவர்தான். மூன்று வருஷமாக என் படைப்புகளை ஒன்றுவிடாமல் வாசித்த ஒரே ஆள். அவர் எழுந்து மேனேஜருக்கு முன்னால் வந்தார்.

“தொர, நாலு நாளுதான் வேலைன்னா நாலு நாளுன்னு சொல்லுங்க. கேட்டுக்கிடுறோம். வெல விழுந்தது எங்களுக்குந் தெரியும். வாயத் தொறந்தா வெளியேத்துவோம்னு போட்டிருக்கீங்களே, எங்க போகச் சொல்லுறீங்க? ஒரு தரம் எங்கள கப்பல்ல ஏத்தி அனுப்பியாச்சு. இனி எங்க அனுப்பப் போறீங்க?”

கடைசி வார்த்தையில் அவருக்குக் குரல் உடைந்தது. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “என்ன சொல்கிறார்?”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “நான்கு நாள் வேலை பற்றிக் கேட்கிறார் சார்.”

“அவ்வளவுதானா? அழுகிறாரே?”

“கொஞ்சம் வருத்தம் சார்.”

மேனேஜர் அந்த அம்மாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஆங்கிலம் அவருக்குப் புரியாது என்பதையே மறந்துவிட்டார். தன் சம்பளத்தையும் பாதியாக்கச் சொல்லி எழுதியிருப்பதாகச் சொன்னார். அசாமில் ஒரு தோட்டம் மூடியபோது ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்ததாகவும், இங்கே அது நடக்கவிடமாட்டேன் என்றும் சொன்னார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நான்கைந்து நிமிஷம் இருக்கும். பேசிவிட்டு என்னைப் பார்த்தார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னதை அப்படியே சொன்னால் பலகையில் இருப்பது யாருடையது என்ற கேள்வி வரும். தொண்டையைச் செருமிக்கொண்டு, “மேனேஜர் ஆவன செய்வதாகத் தெரிவிக்கிறார்,” என்றேன்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

“இம்புட்டு நேரம் பேசினாரு. நெஞ்சுல கை வச்சாரு. அவருக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. நீங்க ஒத்த வரியில முடிச்சிட்டீங்களே, கிளாக்கர் ஐயா?”

பின்னால் யாரோ, “மருந்தகத்து நர்சம்மாவக் கூப்புடுங்க, அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்,” என்றார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் குரலுக்கு வழக்கமாக நடப்பதுதான் அன்றும் நடந்தது.

நர்ஸ் கூடலூர்க்காரர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். மேனேஜரின் அந்த இரண்டு தாளும் என் மேஜை டிராயரில் இருந்தன. மேனேஜரே போய் எடுத்துவந்தார். நர்ஸ் படித்து, பலகையைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்தார்.

“ஐயோ சாரே, இது எந்தா இது? இவரு எழுதுனது வேற, நீங்க ஒட்டுனது வேறயல்லே?” என்று என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார். மைதானம் அமைதியாக இருந்ததால் கடைசி வரிசை வரை கேட்டது.

பிறகு மேனேஜரின் கடிதத்தைச் சாதாரணத் தமிழில் வாசித்தார். வெட்கமாக இருக்கிறது என்பதை வெட்கமாக இருக்கு என்றே சொன்னார். அது அவ்வளவு எளிதான வேலையாக இருந்தது. ‘நல்ல வழி இருந்தா என்கிட்ட வந்து சொல்லுங்க’ என்ற இடம் வந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அதே மூச்சில், மேனேஜர் கேட்டுக்கொண்டதால், என்னுடைய நான்கு வரியை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

மேனேஜரின் முகம் சிவக்கவில்லை. வெளுத்தது. “வெளியேற்றுவேன் என்று நான் சொன்னேனா?” என்று கேட்டார். பிறகு, “மற்றவை?” என்றார்.

எல்லாச் சீட்டுகளையும் என் பிரதிகளையும் நான் ஒழுங்காக ஃபைலில் போட்டுவைத்திருந்தேன். பத்திர எழுத்தரிடம் கற்ற பழக்கம். குற்றவாளி தன் குற்றங்களைத் தேதிவாரியாக அடுக்கி நாடாப் போட்டுக் கட்டிவைத்த கேஸ் வேறு எங்கும் இருக்காது என்று நினைக்கிறேன். ஃபைல் வந்தது. நர்ஸ் ஆபீஸ் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இரண்டு பக்கத்துக்கும் அவரவர் மொழியில் வாசித்தார். நாய்ச் சீட்டு வந்தபோது, “ஒரு மணி நேரந்தானா? அடப்பாவி, என் நாய் மூணு வருசமா ஓடவே மறந்துருச்சே!” என்று ஒருவர் கத்தினார். கூட்டம் சிரித்தது.

அதைவிட மோசம் விளையாட்டுப் போட்டிச் சீட்டு. பொங்கலுக்கு எல்லாரும் சந்தோஷமாக இருக்கச் சாக்கு ஓட்டம், எலுமிச்சைக் கரண்டி ஓட்டம் வைப்போம், விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று அவர் எழுதியிருந்தார். ‘கலந்துகொள்ளத் தவறுவோர் கடும் விளைவுகளுக்கு ஆளாக நேரிடும்’ என்று நான் ஒட்டியிருந்தேன். அந்த வருஷம் மூட்டுவலிக்காரர்கள் முதற்கொண்டு எல்லாரும் சாக்குக்குள் இறங்கிக் குதித்தார்கள். ஃபேக்டரி வாட்ச்மேன் மூன்று தடவை விழுந்து மூன்று தடவையும் எழுந்து ஓடினார். இந்த மக்களுக்கு விளையாட்டில் இவ்வளவு ஆர்வமா என்று மேனேஜர் தன் மனைவிக்குக் கடிதமே எழுதி, அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் காட்டினார்.

அதை வாசித்ததும் மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. வாட்ச்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. காலுக்குக் கீழே இருந்த ஒரு சின்னக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதும் அந்தக் கல்லைக் கொடுத்தால் அடையாளம் சொல்வேன்.

கடைசியில் அந்த அம்மா மேனேஜரிடம் திரும்பினார். “கிளாக்கர் ஐயா செஞ்சது தப்புத்தான். ஆனா தொர, மூணு வருசமா இங்க இருக்கீங்க. எங்க பேச்சுல நாலு வார்த்த கத்துக்கிடணும்னு தோணலையே. அதுவுந் தப்புதான்.” நர்ஸ் இதை ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல் சொன்னார். மேனேஜர், “ஆமாம்,” என்றார் ஆங்கிலத்தில். பிறகு தமிழில் என்ன சொல்வது என்று தேடி, பலகையைக் கைகாட்டி, தனக்குத் தெரிந்த இரண்டில் ஒன்றை எடுத்தார்: “போதும்.” எதைப் போதும் என்றார் என்று எல்லாருக்கும் புரிந்தது.

என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மனைவி சாப்பாடு போட்டாள். “அனுப்பினா மேட்டுப்பாளையம் போயிக்கலாங்க. ஆனா அந்தம்மா கப்பலப் பத்திச் சொன்னதுக்கு என்ன பதில் வெச்சிருக்கீங்க?” என்றாள். வீடு என்பது அந்த ஜனங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வரியை எழுதும்போது அவர்கள் ஒருவர் முகம்கூட என் நினைவில் வரவில்லை, அவ்வளவுதான். முகம் வந்திருந்தால் அந்த வாக்கியம் முடிந்திருக்காது.

மேனேஜர் அனுப்பவில்லை. இரண்டு ஏற்பாடு செய்தார். ஒன்று, பலகையைக் கழற்றிவிட்டார். சொல்ல வேண்டியதை நான் தினமும் காலையில் மைதானத்தில் நின்று வாயால் சொல்ல வேண்டும். இரண்டு, தினமும் சாயங்காலம் அவருக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முதல் நாள் தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பதைப் பற்றிச் சொல்ல நின்றேன். “அனைவருக்கும் இதனால்…” என்று ஆரம்பித்ததும் நூறு முகம் என்னைப் பார்த்தது. மேற்கொண்டு வரவில்லை. அந்தச் சொற்கள் தாளில்தான் நடக்கும், வாய்க்கு வந்தால் முடமாகிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. “நாளைக்கு… தண்ணி வராதுங்க. இன்னிக்கே பிடிச்சு வெச்சுக்கங்க,” என்றேன். “சத்தமா!” என்றது கடைசி வரிசை.

தமிழ்ப் பாடமும் லேசில் முடியவில்லை. ஒரு மாதம் ஆனதும், தானே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மேனேஜர் பிடிவாதம் பிடித்தார். நான் சொல்லிக்கொடுத்தேன். அவர் எழுதிவைத்துப் பாடம் பண்ணினார். ஆனால் என் கையெழுத்தில் இருந்த பழைய சீட்டுகளையும் வீட்டில் வைத்துப் படித்திருக்கிறார் போல. மைதானத்தில் நின்று, கைகூப்பி, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தெளிவான உச்சரிப்பில் சொன்னார்:

“நீங்கள் அனைவரும் மன்னிக்கப்படுகிறீர்கள்.”

பிறகு அந்த அம்மா, “சரிங்க தொர, நாங்களும் உங்கள மன்னிச்சிட்டோம்,” என்றார். அன்றைக்கு எழுந்த சிரிப்பில் பிள்ளை மடுவத்துக் குழந்தைகள் விழித்துக்கொண்டன. மேனேஜர் தானும் சிரித்துக்கொண்டே, நான் என்ன சொன்னேன், என்ன சொன்னேன் என்று என்னைக் கேட்டார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்துச் சொன்னேன். எஸ்டேட்டில் நான் செய்த முதல் நேர்மையான மொழிபெயர்ப்பு அது.

நான்கு நாள் வேலை நான்கு நாளாகவே இருந்தது. தேயிலை விலைக்கு யாருடைய தமிழும் புரியாது. ஆனால் அந்த நான்கு நாளை எப்படிப் பிரிப்பது என்று அவர்கள் ஆபீசுக்கு வந்து சொன்னார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் வேலைக்கு வந்தால், ஒருவருக்கு வாரத்தின் முதல் நான்கு நாள், மற்றவருக்குக் கடைசி நான்கு நாள். எல்லா நாளும் அந்த வீட்டிலிருந்து ஒருவராவது வேலையில் இருப்பார். மிச்ச நாளில் இத்தலார்ப் பக்கம் கேரட் தோட்டங்களுக்குப் போகலாம், லாரி தாங்களே பேசிக்கொள்கிறோம் என்றார்கள். கடிதத்தை அப்படியே ஒட்டியிருந்தால் இந்த யோசனை மறுநாளே வந்திருக்கும். நான் வெட்டிய வரிதான் அதைத் தடுத்தது. அந்தத் திங்கட்கிழமை உட்கார்ந்ததில் எஸ்டேட் ஒரு நாள் வேலையை இழந்தது, அவர்கள் ஒரு நாள் சம்பளத்தை.

அதற்காக அந்த அம்மாவின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மனைவிதான் தள்ளிவிட்டாள். அவர் வாசலில் உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க நான் பல தினுசில் தயார் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. “அந்த வரிய நாந்தானுங்க எழுதினேன். அவரு சொல்லல. நான் எழுதினேன்,” என்றேன். அவர் ஊசியை நிறுத்தாமல், “தெரியுமே. உள்ள வாங்க, வெளிய சாரல் அடிக்குது,” என்றார். டீ கொடுத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு விலை கொஞ்சம் ஏறியது. மறுபடி ஆறு நாள் வேலை என்று மேனேஜர் சொன்னதும், பெரிய சந்தோஷ ஆரவாரம் வரும் என்று எதிர்பார்த்து மைதானத்தில் அறிவித்தேன். பத்துப் பதினைந்து பேர் தலையாட்டினார்கள். மைதானத்தில் நின்றதே பாதிப் பேர்தான். மற்றவர்கள் கேரட் தோட்டத்தில் ஊன்றிவிட்டார்கள். சிலர் பிள்ளைகளோடு கீழே திருப்பூருக்கே போய்விட்டார்கள். செடி கொழுந்து விட்டு நின்றது, பறிக்க ஆள் இல்லை.

“வீடு வீடாகப் போய்க் கேள்,” என்றார் மேனேஜர். இப்போது அவர் தமிழில்தான் பேசுவார். “அன்பாக.”

போனேன். ஒரு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். இரண்டு வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஒரு வீட்டில், கேரட் தோட்டத்தில் மத்தியானச் சாப்பாடு போடுகிறார்கள், நீங்கள் போடுவீர்களா என்று கேட்டார்கள். மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டேன். அடுத்த வீட்டில் உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று, மறுபடி தட்டினேன். ரேடியோவின் சத்தத்தை யாரோ கூட்டினார்கள். இன்னும் இரண்டு லைன் மீதம் இருந்தது. குடையை விரித்துக்கொண்டு மேட்டில் ஏறினேன்.